மௌனப் பட எழுத்தாளர் ராய் மெக்கார்டெல்: நோட்டீஸ் வாசகம் சரியா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை
எங்க வாயனசாலையில் (நூலகம்) மௌனப் பட உரை. ஆள் அமெரிக்கப் பத்திரிகைக்காரர் ராய் மெக்கார்டெல். "உலகின் முதல் திரைக்கதை ஆசிரியர்"னு நோட்டீஸில் போடலாமா? 1915இல் வந்த 'தி டயமண்ட் ஃப்ரம் தி ஸ்கை' 30 அத்தியாயமும் சேர்ந்து எவ்வளவு நேரம் ஓடும்? அதைத் திரையிட முடியுமா?

பதில்: செங்கோட்டை
அப்படிப் போடாதீங்க. "படத்துக்குக் கதை யோசிக்கவென்றே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட முதல் ஆட்களில் ஒருவர்"னு போட்டால் யாரும் மறுக்க முடியாது. வில்லங்கம் 'திரைக்கதை' என்ற சொல்லில்தான். அவர் சேர்ந்த பயோகிராஃப் என்ற படக் கம்பெனியின் ஆரம்ப கால வியாபாரமே மியூட்டோஸ்கோப். காசைப் போட்டு, கண்ணை வைத்து, கைப்பிடியைச் சுற்றும் பெட்டி. உள்ளே சக்கரத்தில் சுமார் 850 புகைப்பட அட்டைகள். விநாடிக்கு 16 வீதம் சுற்றினால் 53 விநாடியில் ஆட்டம் முடிந்தது. வேகம் பார்ப்பவர் கையில் இருப்பதால் நுணுக்கமான முகபாவமெல்லாம் எடுபடாது. தடுக்கி விழுவது, கையும் களவுமாகப் பிடிபடுவது போல ஒரே ஒரு பெரிய செயல் வேண்டும். அதற்கு யோசிப்பதைத் திரைக்கதைன்னு சொல்ல முடியாது. பத்திரிகையில் சிரிப்புத் துணுக்கு எழுதிப் பழகிய கைக்கு இது பொருந்தி வந்ததில் ஆச்சரியமில்லை.

அவர் பத்திரிகை எழுத்துக்கு மாதிரி வேணும்னா, 'ஈவினிங் வேர்ல்ட்' இதழில் வந்த 'தி ஜார் ஃபேமிலி' பத்தியைப் பாருங்க. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பத்திரிகைத் தளத்தில் இலவசம். தேடும்போது 'ராய் எல். மெக்கார்டெல்' என்று நடு எழுத்தோடும், அது இல்லாமலும் தனித்தனியா போடுங்க. பழைய அச்சைக் கணினி தப்பும் தவறுமா வாசித்திருக்கும். பத்தியின் பெயரை வைத்துத் தேடினால் அதிகம் சிக்கும்.

பதில்: நகரி
நேரக் கணக்கு. 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 ஃபிரேம் (தனிப் படம்). 1000 அடி ரீலுக்கு 16,000. விநாடிக்கு 16 ஓட்டினால் 16 நிமிடம் 40 விநாடி. பிற்காலப் பேசும் பட வேகமான 24இல் ஓட்டினால் 11 நிமிடம் 7 விநாடிதான். அத்தியாயத்துக்கு இரண்டு ரீல்னு வைத்தால் 60 ரீல்: 16 வேகத்தில் 16 மணி 40 நிமிடம், 24இல் 11 மணி 7 நிமிடம். ரீல்கள் முழுசா நிரம்பி இருக்காது, அதனால இதை உச்ச அளவாகவே சொல்லுங்க. இணையத்தில் மௌனப் பட நடிகர்கள் எலி மாதிரி ஓடுவதற்கும் இந்த 24தான் காரணம்.

திரையிட முடியாது, அந்தத் தொடர் இன்று கைக்குக் கிடைப்பதில்லை. அந்தக் கதைக்கு அவர் வாங்கிய பரிசு 10,000 டாலர். பொதுப் போட்டி என்று அறிவித்துவிட்டு, பரிசைத் தூக்கியது பழுத்த பத்திரிகைக்காரர்! அதே 1915இல் தீடா பாரா நடித்த 'எ ஃபூல் தேர் வாஸ்' பிழைத்திருக்கிறது. எழுத்தில் இவர் பங்கு உண்டு. அதைப் போடுங்க.

பதில்: களியக்காவிளை
'எ ஃபூல் தேர் வாஸ்' மேடை நாடகத்திலிருந்து வந்த படம் என்பதையும் சொல்லிடுங்க, அண்ணே. 1907இல் கேலம் என்ற அமெரிக்கப் படக் கம்பெனி 'பென்ஹர்' நாவலை அனுமதி வாங்காமல் எடுத்து வழக்கில் மாட்டியது. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகு, பிறர் கதையைச் சும்மா எடுப்பது ஆபத்தானது. சொந்தமாகக் கதை கட்டத் தெரிந்த பத்திரிகைக்காரருக்கு மவுசு கூடியதில் இதற்கும் பங்கு உண்டு.

நம்ம பக்கத்து உதாரணமும் கையிலேயே இருக்கு. நாகர்கோவில் சுந்தர்ராஜ் 1933இல் எடுத்த மௌனப் படம் 'மார்த்தாண்ட வர்மா'. நாவலின் உரிமை திருவனந்தபுரம் பதிப்பகத்திடம் இருந்ததால் வழக்காகி, பிரதி பறிமுதல் ஆனது. கேரளத்துக் கூட்டத்துக்கு 'பென்ஹர்' வழக்கை விட இது சட்டெனப் பிடிபடும்.

கொழிஞ்சாம்பாறை
நோட்டீஸை "முதல் ஆட்களில் ஒருவர்"னு திருத்தியாச்சு. 'எ ஃபூல் தேர் வாஸ்' எந்த வேகத்தில்?

நகரி
ஒரே எண்ணில் நிற்காதீங்க. விநாடிக்கு 18 ஃபிரேமில் தொடங்கி, ஆள் நடப்பது இயல்பா தெரியும்வரை கூட்டுங்க. நீங்க இறக்கும் பிரதியில் ஏற்கெனவே வேகம் திருத்தியிருந்தால் கை வைக்க வேண்டாம்.