கிட்டுக்குள்ள இன்னொரு கிட், உள்ள மாத்துறது வெளிய காட்ட மாட்டேங்குது

செந்தூல்_பையன்:
வணக்கம், கடைங்களுக்கு பில்லிங் சிஸ்டம் பண்றோம், நான் கேஎல்ல, கூட செய்றவரு பினாங்கு பாயான் லெப்பாஸ்ல. கோட்ல பண்ற மாத்தங்கள கிட்ல (Git) பதிஞ்சு வெக்கிறோம். மெயின் ரெப்போவுக்குள்ள (கோடும் அதோட மாத்தங்களும் இருக்குற இடம்) 'பொது'ன்னு ஒரு ஃபோல்டர், வேற ப்ராஜெக்ட்டுங்களும் அதையே யூஸ் பண்றதால அதுக்கு தனி கிட். வெளிய கிட் ஆட் போட்டப்ப எம்பெடட் ரெப்போசிட்டரின்னு வார்னிங் வந்துச்சு, ஆனா கமிட் (மாத்தத்த பதியறது) ஆயிடுச்சு. இப்ப அவரு க்ளோன் பண்ணா அந்த ஃபோல்டர் காலி, நான் உள்ள ஃபைல மாத்தினாலும் வெளிய கிட் டிஃப்ல எந்த வரி மாறுச்சுன்னு வரல. என்ன செய்யலாம்?

ஜெலுத்தோங்_அண்ணே:
தம்பி, வெளி ரெப்போ உள்ள இருக்குற ஃபைல் எதையும் எடுத்து வெக்கல, உள் ரெப்போ எந்த கமிட்ல நிக்குதுங்கற ஹேஷ (அந்த கமிட்டோட அடையாள எண்) மட்டும்தான் குறிச்சு வெச்சிருக்கு. கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --ஸ்டேஜ் போட்டு பாருங்க, சாதா ஃபைலுக்கு 100644ன்னு இருக்கும், 'பொது'வுக்கு மட்டும் 160000, அதாவது அது ஃபைல் இல்ல, வேற ரெப்போவோட கமிட். ஹேஷ் இருக்கு, எங்கருந்து எடுக்கணும்ங்கற யூஆர்எல் எங்கயும் இல்ல, அதான் அவருக்கு காலி.
முதல்ல உள்ள போயி கமிட் பண்ணி புஷ் பண்ணுங்க. அப்புறம் வெளிய வந்து கிட் ஆர்எம் --கேஷ்ட் பொது, ஃபைல் அழியாது பயப்படாதீங்க. பிறகு அத சப்மாட்யூலா (யூஆர்எல்லோட சேத்து குறிச்சு வெக்கிற உள் ரெப்போ) ஆக்க கிட் சப்மாட்யூல் ஆட் போட்டு யூஆர்எல்லும் ஃபோல்டர் பேரும் குடுங்க. .கிட்மாட்யூல்ஸ்னு ஒரு ஃபைல் வரும், அதையும் சேத்து கமிட் பண்ணி புஷ் பண்ணிடுங்க. அவரு புல் பண்ணிட்டு கிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் --ரிகர்சிவ் போட்டா போதும்.

கேஎல்_தேவி:
டிஃப்புக்கு: கிட் டிஃப் --சப்மாட்யூல்=டிஃப் போடுங்க, உள்ள மாறுனது வரி வரியா வெளியவே வரும். ஒவ்வொரு தடவையும் அடிக்க வேணாம்னா கான்ஃபிக்ல டிஃப்.சப்மாட்யூலுக்கு டிஃப்னு வெச்சிடலாம்.

செந்தூல்_பையன்:
160000 அப்படியே இருக்கு அண்ணே! நீங்க சொன்ன மாதிரி செஞ்சாச்சு, அவருக்கும் ஃபைலெல்லாம் வந்துடுச்சு, ரொம்ப நன்றி. அக்கா சொன்ன டிஃப்பும் வருது. சப்ட்ரீ (உள் ரெப்போவோட ஃபைலயே வெளி ரெப்போவுல சேத்து வெக்கிறது) நல்லதுன்னு ஒருத்தரு சொல்றாரே?

ஜெலுத்தோங்_அண்ணே:
ஒரே ப்ராஜெக்ட்டுக்குன்னா சப்ட்ரீ லேசு லா, க்ளோன் பண்றவங்களுக்கு எந்த வேலையும் இல்ல. பல ப்ராஜெக்ட் சேந்து யூஸ் பண்றப்ப எனக்கு சப்மாட்யூல்தான் சரின்னு படுது, யாரு எந்த வெர்ஷன்ல இருக்காங்கன்னு தெளிவா தெரியும்.
அவருகிட்ட இத கட்டாயம் சொல்லுங்க, சப்மாட்யூல் அப்டேட் பண்ணதும் உள் ரெப்போ ப்ராஞ்ச்ல நிக்காது, டிடாச்ட் ஹெட்ல, அதாவது எந்த ப்ராஞ்சோடவும் சேராம ஒரு கமிட்ல நிக்கும், அதனால உள்ள கைவெக்கிறதுக்கு முன்னாடி கிட் ஸ்விட்ச் மெயின் போட்டு மெயின் ப்ராஞ்சுக்கு வந்துடணும்.

கேஎல்_தேவி:
இன்னொன்னு, உள்ள புஷ் பண்ணாம வெளிய மட்டும் புஷ் பண்ணிட்டா அவருக்கு இல்லாத கமிட்ட தேடி எரர் வரும். புஷ்.ரிகர்ஸ்சப்மாட்யூல்ஸ் கான்ஃபிக்ல செக்னு வெச்சிடுங்க, அப்ப கிட்டே வெளி புஷ்ஷ நிறுத்திடும்.