உதிரிப்பூக்களுக்கு நாலு வரி எழுதித் தாங்களேன்

மும்பை மாதுங்கால எங்க பில்டிங் தமிழ் ஆளுங்க மாசம் ஒரு பழைய படம் போட்டுப் பாக்குறோம், பாத்ததும் நாலு வரி விமர்சனம் எழுதி வாட்ஸ்அப்ல போடுறது என் தலைல விழுந்துருச்சு. அந்த நாள் (1954) ஈஸியா முடிஞ்சுது, பாட்டே இல்ல, சிவாஜி சுடப்பட்டு சாகுறதுல ஆரம்பிச்சு ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க, டைரக்டர் எஸ். பாலசந்தருக்கு அப்பவே என்னா தைரியம்! காதலிக்க நேரமில்லை (1964) கதைன்னு பெருசா ஒண்ணுமில்ல, ஆனா நாகேஷ் பாலையாவுக்கு பேய்க்கதை சொல்றாரே, பக்கத்து வீட்டு மராத்தி ஆன்ட்டி பாஷை புரியாமலே சிரிச்சாங்க. உதிரிப்பூக்கள்ல (1979) தான் மாட்டிக்கிட்டேன், விஜயன் அவ்ளோ கெட்டவன், ஆனாலும் கடைசில ஆத்துல எறங்கும்போது மனசு என்னவோ பண்ணுது, இதை எப்படிங்க நாலு வரில அடக்குறது? யாராவது எழுதிக் காட்டுங்க ப்ளீஸ். அப்புறம் அடுத்த மாசத்துக்கு கறுப்பு வெள்ளை பேய்ப்படம் ஒண்ணும் சொல்லுங்க.