டெப்ட்ஃபோர்டு வீட்டு பெஞ்சு

குழு: நம்ம வீடு

நான், 7:52
பெரியப்பா இருக்கீங்களா? நாளைக்கு காலேஜ்ல எனக்கு செமினார். கிறிஸ்டோபர் மார்லோ, டாக்டர் ஃபாஸ்டஸ் நாடகம் எழுதினவர். 29 வயசுல கத்திக்குத்துல செத்துட்டார். எங்க நோட்ஸ்ல "சாராயக்கடைச் சண்டையில் இறந்தார்"னு ஒரே வரிதான். நீங்க ஒரு தடவை ரெக்கார்ட் ரூம்ல கொலையாளியைக் கண்டுபிடிச்ச ஒருத்தர் கதை சொன்னீங்களே, அது இவர் கேஸ்தானே?

பெரியப்பா, 7:55
இவர் கேஸேதான். முதல்ல அந்த வரியை அடி. அது சாராயக்கடையே இல்ல. எலினார் புல்னு ஒரு விதவை அம்மா வீடு. லண்டன் பக்கத்துல டெப்ட்ஃபோர்டு. 1593 மே 30.

அத்தை, 7:56
விதவை வீட்டுல இவருக்கு என்ன வேலை?

பெரியப்பா, 7:58
காசு வாங்கிட்டு சாப்பாடு போட்டிருக்காங்க, தங்க இடமும் கொடுத்திருக்காங்க. சாதாரண வீட்டு அம்மா இல்ல, ராணி எலிசபெத் அரண்மனையில சொந்தக்காரங்க உண்டு. முதல்ல துப்பறிஞ்ச ஆளு. பேரு லெஸ்லி ஹாட்சன். கனடாவுல பிறந்தவர், ஹார்வர்டுல படிச்சவர், இங்கிலீஷ் இலக்கிய ஆராய்ச்சி. போலீஸும் இல்ல, வக்கீலும் இல்ல. லண்டன் சான்சரி லேன்ல அரசு ஆவணக் காப்பகம் இருந்தது, அங்க போய் உட்கார்ந்து பழைய லத்தீன் கட்டுகளைப் பிரிச்சுப் படிக்கிறதுதான் அவருக்குச் சந்தோஷம்.

அண்ணன், 7:59
பெரியப்பா மாதிரியே ஒருத்தர் 😄

பெரியப்பா, 8:01
31 வருஷம் கோர்ட்டு ரெக்கார்ட் ரூம்ல இருந்தவன்ப்பா நான். அந்த ஆளைப் பத்திப் படிச்சப்போ எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. நாப்தலின் வாசனையும், நாடாவை அவுத்தா உதிர்ற தூளும், எனக்கு அது வேற மாதிரி.

நான், 8:02
சொல்லுங்க பெரியப்பா. எப்படிப் பிடிச்சார்?

பெரியப்பா, 8:07
ஒரு எழுத்துப் பிழைதான் ரொம்ப வருஷமா எல்லாரையும் நிறுத்தி வெச்சிருந்தது. டெப்ட்ஃபோர்டு சர்ச் அடக்கப் பதிவேட்டுல மார்லோவைக் குத்தினவன் பேரு "ஃபிரான்சிஸ் ஃபிரீசர்"னு இருக்கு. அந்தக் கையெழுத்தை 19ஆம் நூற்றாண்டுல "ஆர்ச்சர்"னு படிச்சுட்டாங்க. ஆர்ச்சரைத் தேடினா எங்க கிடைப்பான்? ஹாட்சன் வேற எதையோ தேடிட்டு இருந்தப்போ ஒரு இண்டெக்ஸ்ல "இங்கிராம் ஃபிரைசர்"னு ஒரு பேரு கண்ணுல பட்டுது. அந்த நிமிஷமே இவன்தான் அவன்னு தோணியிருக்கு. எங்க ஆபீஸ்ல முத்துச்சாமியை முத்துசாமின்னு ஒத்தைப் புள்ளி விட்டு எழுதி, ஒரு சொத்துக் கட்டு 11 வருஷம் கிடைக்காமலே போச்சு. அந்த ஒத்தைப் புள்ளியைப் பார்க்கிற கண்ணு எல்லாருக்கும் வராதும்மா.

சித்தி, 8:08
அப்புறம்?

பெரியப்பா, 8:11
அப்புறம் மன்னிப்பு உத்தரவு கிடைச்சுது. 1593 ஜூன் 28ல ராணி ஃபிரைசருக்குக் கொடுத்தது, "தற்காப்புக்காகச் செய்தான்"னு. செத்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள விடுதலை! அதுல இருந்து நூலைப் பிடிச்சுப் போய் சான்சரி நீதிமன்றக் கட்டுல இன்க்வெஸ்ட் ரிப்போர்ட்டையே, அதாவது மரண விசாரணை அறிக்கையையே எடுத்துட்டார். லத்தீன்ல, கரோனர், அதாவது மரண விசாரணை அதிகாரி, வில்லியம் டான்பி கொடுத்தது. 16 பேர் பஞ்சாயத்தார். 1925ல புத்தகமாப் போட்டார். 332 வருஷம் அந்தக் காகிதம் அங்கதான் இருந்திருக்கு, பாப்பா. யாரும் மறைச்சு வைக்கல, பிரிச்சுப் பார்க்க ஆள் இல்ல.

நான், 8:12
ரிப்போர்ட்ல என்னதான் இருக்கு?

பெரியப்பா, 8:18
காலை 10 மணி வாக்குல நாலு பேர் அந்த வீட்டுக்கு வர்றாங்க. மார்லோ, ஃபிரைசர், நிக்கோலஸ் ஸ்கியர்ஸ், ராபர்ட் போலி. மதியச் சாப்பாடு. தோட்டத்துல நடக்கிறாங்க. சாயங்காலம் 6 மணிக்கு உள்ள வந்து ராத்திரி சாப்பாடு. சாப்பிட்டு முடிச்சு சாப்பாட்டுக் காசை யார் கொடுக்கிறதுன்னு ஃபிரைசருக்கும் மார்லோவுக்கும் வாக்குவாதம். மார்லோ கட்டில்ல படுத்திருக்கார். ஃபிரைசர் கட்டிலுக்கு முதுகு காட்டி மேசையைப் பார்த்து பெஞ்சுல உட்கார்ந்திருக்கான். அவனுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன். மார்லோ எழுந்து ஃபிரைசர் முதுகுப்பக்கம் இருந்த அவன் கத்தியையே உருவி அவன் தலையில ரெண்டு வெட்டு. இவன் திமிறிக் கத்தியைப் பிடுங்கிக் குத்த, மார்லோ வலது கண்ணுக்கு மேல 2 அங்குல ஆழம், 1 அங்குல அகலம். அங்கேயே உயிர் போச்சு. கத்தியோட விலை 12 பென்ஸ்னு அதையும் எழுதி வெச்சிருக்காங்க.

அத்தை, 8:19
ஐயோ, 29 வயசுப் பிள்ளை.

அண்ணன், 8:20
கேஸ் முடிஞ்சுதே. பில் தகராறு, தற்காப்பு. இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?

பெரியப்பா, 8:21
இருடா. பத்து நிமிஷம் கொடு.

பெரியப்பா, 8:34
[படம்]

சித்தி, 8:35
அக்காவை எதுக்கு பெஞ்சுல உட்கார வெச்சிருக்கீங்க மாமா? பக்கத்துல தலையணை எதுக்கு?

பெரியப்பா, 8:39
ரெண்டு தலையணையும் ஸ்கியர்ஸும் போலியும். உங்க அக்கா ஃபிரைசர். நான் கட்டில்ல மார்லோ. மர ஸ்கேல்தான் கத்தி, அவ இடுப்புல முதுகுப்பக்கமாச் செருகினேன். இப்ப நல்லாப் பாருங்க. மேசை முன்னாடி முட்டுது, ரெண்டு பக்கமும் ஆள். அவளால எழுந்திரிக்க முடியல, நகரக்கூட முடியல. ரிப்போர்ட்லயும் "எந்த வகையிலும் ஓட முடியாதபடி"ன்னு ஃபிரைசர் தரப்புக்குச் சாதகமாத்தான் எழுதியிருக்கு. சரி, ஒத்துக்கறேன். ஆனா நான் பின்னாடி இருந்து ஸ்கேலை உருவி ரெண்டு தடவை தலையில வெச்சேன். அந்த ரெண்டு தலையணையும் என்ன பண்ணிட்டு இருந்துச்சு?

பெரியம்மா, 8:40
தலையில வெக்கல, ஓங்கியே அடிச்சார்.

பெரியப்பா, 8:41
தோள் உரசுற தூரத்துல ரெண்டு ஆம்பளைங்க. ஒருத்தன் கையைப் பிடிச்சிருந்தா போதும். பிடிச்சதா ஒரு வார்த்தை இல்ல. இன்னொண்ணு, ஃபிரைசர் தலைக்காயம் 2 அங்குல நீளம், கால் அங்குல ஆழம். மேல் தோல் கீறல். பின்னாடி நின்னு, உட்கார்ந்திருக்கிறவன் மண்டையில கோபத்தோட கத்தியை இறக்கினா அவ்ளோதான் ஆழமா? எனக்கு மனசு ஒப்பல.

நான், 8:43
பெரியப்பா, அந்த மூணு பேர் யாருன்னு நானும் படிச்சேன். போலி அரசாங்க ஒற்றன். 1586ல ராணியைக் கொல்லப் போட்ட பாபிங்டன் சதி மாட்டினதுல அவனுக்குப் பங்கு உண்டு. கொலை நடந்த நேரத்துல, ஹாலந்துல ஹேக் நகரத்துக்குப் போய் ராணி அரண்மனைக்குப் பதில் கடிதங்களைக் கொண்டு வர்ற வேலையில இருந்தான். அந்தக் கூலி வாங்கின கணக்குல "இந்தக் காலம் முழுக்க மாட்சிமை தங்கிய ராணி சேவையில இருந்தார்"னு இருக்கு.

அத்தை, 8:44
அரசாங்கக் கடிதத்தை மடியில வெச்சுட்டு காலையில இருந்து ராத்திரி வரைக்கும் தோட்டத்துல உலாத்துவானா?

நான், 8:46
அதான் அத்தை எல்லாரும் கேக்கிறாங்க. ஸ்கியர்ஸும் ஃபிரைசரும் விவரம் தெரியாத பணக்காரப் பையன்களுக்குக் கடன் வாங்கித் தர்றோம்னு ஏமாத்தினவங்க. ஃபிரைசர் யாருக்கு வேலை பார்த்தான் தெரியுமா? தாமஸ் வால்சிங்கம். அவர் மார்லோவை ஆதரிச்ச புரவலர்! கொலைக்கு அப்புறமும் அவன் அவர்கிட்டதான் வேலை பார்த்தான்.

சித்தி, 8:47
இது ரொம்ப மோசம்.

நான், 8:51
இன்னும் இருக்கு சித்தி. மே 12ல தாமஸ் கிட்னு இன்னொரு நாடக ஆசிரியரைக் கைது பண்ணினாங்க. ரெண்டு பேரும் ஒரே அறையில எழுதினவங்க. அவர் அறையில கிறிஸ்துவைக் கடவுள் இல்லைன்னு சொல்ற காகிதம் கிடைச்சுது. சித்ரவதை பண்ணினதும் அது மார்லோவோடதுன்னு சொல்லிட்டார். மே 20ல மார்லோ ராணியோட ஆலோசனைச் சபை முன்னாடி ஆஜர். தினமும் வந்து கையெழுத்துப் போடற மாதிரி கட்டளை. பத்தே நாள்ல ஆள் இல்ல.

அண்ணன், 8:52
அப்ப செத்த மாதிரி நடிச்சுத் தப்பிச்சு, ஷேக்ஸ்பியர்ங்கிற பேர்ல எழுதினார்னு யூடியூப்ல சொல்றாங்களே, அது சரிதானா?

பெரியப்பா, 8:55
வேண்டாம்டா. 16 பேர் பிணத்தைப் பார்த்து, காயத்தை அளந்து எழுதியிருக்காங்க. ஜூன் 1ல டெப்ட்ஃபோர்டு செயின்ட் நிக்கோலஸ் சர்ச்ல புதைச்சிருக்காங்க. எந்த இடம்னு அடையாளம்கூட இல்ல. ஒரு செருப்புத் தைக்கிறவர் மகன், கேன்டர்பரியில இருந்து கேம்பிரிட்ஜ் வரைக்கும் படிச்சு வந்த பையன். அவன் செத்ததையும் அவன்கிட்ட இருந்து பிடுங்கக் கூடாது. 2002ல லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே சர்ச்ல அவருக்கு நினைவு ஜன்னல் வெச்சப்போ இறந்த வருஷத்துக்கு முன்னாடி ஒரு கேள்விக்குறி போட்டுட்டாங்க, "?1593"ன்னு. அதைப் பார்த்து எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்ல. செத்தது உறுதி. எப்படிங்கிறதுலதான் கேள்வி.

அத்தை, 8:56
கரோனரு யாரு? உள்ளூர் ஆளா?

பெரியப்பா, 8:59
நல்ல கேள்வி. இல்ல. டான்பி ராணி அரண்மனைக் கரோனர். ராணி இருக்கிற இடத்துல இருந்து 12 மைலுக்குள்ள நடந்தா அவர் வரலாம். ஆனா அந்த மாவட்டக் கரோனரும் கூட உட்கார்ந்திருக்கணும்னு சட்டம் தெரிஞ்சவங்க சொல்றாங்க. காகிதத்துல டான்பி மட்டும்தான். நம்ம ஊர்ல போலீஸ் இன்க்வெஸ்ட்ல பஞ்சாயத்தார் கையெழுத்து ஒண்ணு குறைஞ்சாலே வக்கீல் பிடிச்சுக்குவார்.

நான், 9:01
அப்ப கொலையா, தற்காப்பா? எதை நான் சொல்றது?

பெரியப்பா, 9:04
ரெண்டையும் சொல்லாதே. மேலிடத்து உத்தரவுன்னு காட்ட ஒரு காகிதம் இல்ல. ஹாட்சன் பண்ணினதைச் சொல்லு. அவருக்கு முன்னாடி பொம்பளைக்காகச் சண்டைன்னு ஒருத்தர் 1598ல எழுதினார், தெய்வ தண்டனைன்னு இன்னொருத்தர் அதுக்கு முந்தின வருஷமே எழுதிட்டார். ஹாட்சன் வந்து அறையோட கதவைத் திறந்துட்டார். கட்டில் எங்க, பெஞ்சு எங்க, யார் எந்தப் பக்கம், எல்லாம் தெரியுது. ஆனா அந்த அறையில நடந்ததைச் சொன்னது உயிரோட வெளிய வந்த மூணு பேர் மட்டும்தான். மூணு பேருக்கும் பொய்தான் பிழைப்பு.

அத்தை, 9:06
ஏண்ணா, அந்த வீட்டு அம்மாவை யாரும் கேக்கலையா?

பெரியப்பா, 9:07
யாரை?

அத்தை, 9:08
எலினாரை. காலையில 10 மணியில இருந்து அவங்க வீட்டுல இருக்காங்க. ரெண்டு வேளை சாப்பாடு அவங்கதானே போட்டது. காசுக்குத்தான் சண்டைன்னா அந்தக் காசு அவங்களுக்கு வர வேண்டியது. கொடுத்தாங்களா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியாதா? சத்தம் கேட்டுச்சா இல்லையா? மெஸ் வெச்சு நடத்தினவ நான், என் வீட்டுக் கூடத்துல கை ஓங்கினா அடுப்படியில எனக்குக் கேக்கும்.

பெரியப்பா, 9:15
இப்ப மறுபடி எடுத்துப் படிச்சேன். வீடு அவங்களோடதுன்னு பேரு இருக்கு. அவங்க சொன்னதா ஒரு வார்த்தை இல்ல. 1596ல அந்த அம்மாவும் போயிட்டாங்க. இத்தனை வருஷமா இந்தக் காகிதத்தைப் படிக்கிறேன், எனக்கு இது தோணலையே தங்கச்சி.

நான், 9:16
அத்தை!! இதைத்தான் நாளைக்கு முதல்ல போடப் போறேன். எழுதிட்டேன்.

பெரியப்பா, 9:16
வாசிச்சுக் காட்டு.

நான், 9:17
"1593 மே 30 அன்று டெப்ட்ஃபோர்டில் இரண்டு வேளை சாப்பாட்டுக்கான காசு எலினார் புல்லுக்குக் கிடைத்ததா?"