லத்தீனோ ஃபிராட்டர்னிட்டியில் தமிழ்ப் பையன் சேரலாமா? அவர்கள் செய்யும் சேவை உண்மையிலேயே சேவைதானா?

இரண்டாம்_ஆண்டு_டெக்சாஸ்:

வணக்கம். டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், எஃப்-1 என்ற மாணவர் விசா. என் ரூம்மேட் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலிருந்து வந்த மெக்சிகோ வம்சாவளிப் பையன், போன வருஷம் ஒரு லத்தீனோ ஃபிராட்டர்னிட்டியில், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்கள் தொடங்கிய ஒரு சகோதரச் சங்கத்தில், சேர்ந்தான். ஃபிராட்டர்னிட்டி, சுருக்கமாக ஃபிராட், என்றால் பெரிய வீடு, பீர், வாரக்கடைசிக் கூத்து என்றுதான் எனக்குத் தெரியும். இவர்களுக்கு வீடே கிடையாது, ஆளும் பதினைந்து பேருக்குள்தான், ஆனால் சனிக்கிழமை காலையில் நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது இவன் கிளம்பிப் போய்விடுகிறான்: ஒரு நடுநிலைப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுப்பது, நெடுஞ்சாலை ஓரம் குப்பை பொறுக்குவது, கல்லூரி உதவித்தொகைப் படிவம் நிரப்ப வரும் குடும்பங்களோடு உட்காருவது. இப்போது என்னையும் வரச் சொல்கிறான், சேரவும் சொல்கிறான்.

எனக்கு ஆசைதான். ஆனால் லத்தீனோ அல்லாதவன் போனால் அவர்கள் இடத்தில் மூக்கை நுழைப்பது மாதிரி ஆகிவிடுமா? இந்தச் சேவையெல்லாம் ரெஸ்யூமேக்காகச் செய்வதா? ராகிங் பற்றியும் பயம் இருக்கிறது. சேர்ந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய_உறுப்பினன்:

தம்பி, நான் சேர்ந்தவன், படித்தது மிட்வெஸ்டில். முதலில் உன் முதல் கேள்வி. பெரும்பாலான லத்தீனோ ஃபிராட்டர்னிட்டிகள் எந்த இனத்தவரையும் எடுத்துக்கொள்ளும், விதியிலேயே தடை இல்லை. எங்கள் கிளையில் வியட்நாம் வம்சாவளிப் பையனும் கறுப்பின மாணவர்களும் இருந்தார்கள். நீ லத்தீனோவா என்று யாரும் பார்க்கமாட்டார்கள், அந்தச் சமூகத்துக்காக வேலை செய்ய நீ வருவாயா என்றுதான் பார்ப்பார்கள்.

இவை ஏன் இப்படி இருக்கின்றன என்று புரிய கொஞ்சம் வரலாறு தெரியவேண்டும். இன்று இருப்பவற்றில் பழையது ஃபை அயோட்டா ஆல்ஃபா, 1931இல் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் ரென்ஸ்செலர் பாலிடெக்னிக்கில் உருவானது. அதற்கும் வேர் 1898இல் அங்கேயே தொடங்கிய ஓர் இசுபானிய அமெரிக்க மாணவர் சங்கம். அந்தக் காலத்து உறுப்பினர்களில் பலர் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து படிக்க வந்தவர்கள். எழுபதுகளில் நிலைமை வேறு. இங்கேயே வளர்ந்த, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் வளாகங்களுக்கு வர ஆரம்பித்தார்கள், அவர்களுக்கு வழிகாட்ட ஆளில்லை. 1975இல் நியூ ஜெர்சியின் கீன் கல்லூரியில் லாம்டா தீட்டா ஃபை, அதே வருஷம் அதே கல்லூரியில் பெண்களுக்கு லாம்டா தீட்டா ஆல்ஃபா. 1982இல் கார்னெலில் லா உனிதாத் லத்தினா, 1986இல் அயோவா பல்கலைக்கழகத்தில் சிக்மா லாம்டா பீட்டா, 1987இல் லபக் நகரின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஒமேகா டெல்டா ஃபை. கடைசியில் சொன்னது தன்னைச் சேவை அமைப்பு என்றே அழைத்துக்கொள்கிறது, உன் மாநிலத்தில் பிறந்தது.

அதனால் சேவை இவர்களுக்குப் பின்னால் ஒட்டவைத்த விஷயம் இல்லை. பெரிய ஃபிராட்களில் பலவற்றுக்குச் சேவை என்றால் பெரும்பாலும் நன்கொடை திரட்டுவது: ஒரு போட்டி, ஒரு விருந்து, ஒரு காசோலை. அதுவும் நல்லதுதான், குறை சொல்லவில்லை. இங்கே நேரில் போய் உட்காரவேண்டும். உன் ரூம்மேட் சொல்லும் உதவித்தொகைப் படிவம், ஃபாஃப்ஸா, அதையே எடுத்துக்கொள். பிள்ளை அமெரிக்கக் குடிமகள், அப்பாவுக்கு முறையான குடியேற்ற ஆவணம் இல்லை, அதனால் அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கிடையாது, ஆங்கிலமும் வராது. படிவத்தின் இணையதளத்தில் அவருக்குத் தனியாகக் கணக்குத் திறக்கவேண்டும், அடையாளத்தைச் சரிபார்க்கவேண்டும், 2024 தொடக்கத்தில் புதிய படிவம் வந்தபோது இப்படிப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள் படிவத்தை அனுப்பவே முடியாமல் வாரக்கணக்கில் தவித்தார்கள். அந்த அப்பா கேட்பது படிவத்தைப் பற்றி மட்டும் அல்ல, இந்த விவரத்தை அரசுக்குக் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும் என்பதையும். அதற்குப் பதில் சொல்ல மாணவர்களுக்குத் தகுதி இல்லை, நல்ல கிளைகள் ஒரு வழக்கறிஞரையோ பள்ளி ஆலோசகரையோ பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளும். ஆனால் பொறுமையாக, அவர் மொழியில், அவர் மகனைப் போன்ற ஒருவன் பக்கத்தில் இருப்பதற்கே பெரிய மதிப்பு உண்டு.

உனக்கு ஸ்பானிஷ் வராதென்றால் கவலை இல்லை, கணக்குப் பாடம் சொல்லிக்கொடு.

மாணவர்_நலத்துறை:

நான் வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரியில் மாணவர் அமைப்புகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ராகிங் பகுதிக்கு அண்ணன் பதில் சொல்லவில்லை. இங்கே அதை ஹேசிங் என்பார்கள்.

புதியவர்களை எடுக்கும் காலம் சில வாரங்கள் நீளும், வெளியே சொல்லக்கூடாது என்பார்கள். அமைப்பின் வரலாறு, நிறுவனர்கள் பெயர், எல்லாம் மனப்பாடம். முடிவில் எல்லார் முன்னாலும் ஓர் அறிமுக நிகழ்ச்சி, வரிசையாக முகமூடியோடு வந்து, முழக்கம் போட்டு, கால்தட்டி ஆடி, பிறகு முகத்தைக் காட்டுவார்கள். அந்த ஆட்டமும் ஒழுங்கும் கறுப்பின ஃபிராட்டர்னிட்டிகளின் மரபிலிருந்து வந்தவை, பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்த மூடிய வாரங்களில்தான் ஆபத்தும் இருக்கிறது. தூங்கவிடாமல் வைப்பது, அடிப்பது, குடிக்கவைப்பது, தண்டால் எடுக்கவைப்பது எதுவும் "மரபு" ஆகாது. டெக்சாஸ் சட்டத்தில் "அவனே சம்மதித்தான்" என்பது தப்பிக்கும் வழியே அல்ல. 2024 டிசம்பரில் மத்திய அரசின் சட்டமும் வந்துவிட்டது, ஹேசிங்கில் விதியை மீறியதாக உறுதியான அமைப்புகளின் பெயரைக் கல்லூரிகள் தங்கள் தளத்தில் வெளியிட்டே ஆகவேண்டும். சேருவதற்கு முன்னால் அந்த அறிக்கையில் உங்கள் கிளையின் பெயரைத் தேடுங்கள். ஒரே அமைப்பு ஒரு வளாகத்தில் தங்கமாக இருக்கும், இன்னொன்றில் இடைநீக்கத்தில் இருக்கும், அதனால் தேசியப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சேவை உண்மையா என்பதற்கும் ஒரே ஒரு கேள்வி போதும்: போன வருஷம் போன அதே பள்ளிக்கு இந்த வருஷமும் போகிறீர்களா? ஆமாம் என்றால், அங்கே இருக்கும் ஆசிரியரின் பெயரைச் சட்டென்று சொல்வார்கள். வாரத்துக்கு ஓர் இடம், புகைப்படம் எடுத்துவிட்டு நகர்வது என்றால் அது மணிக்கணக்கு நிரப்பும் வேலை.

ஹூஸ்டன்_அக்கா:

தம்பி, நீ எஃப்-1 என்பதை மேலே யாரும் தொடவில்லை. சம்பளமில்லாத தொண்டுக்கு விசாவில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஆனால் இந்த அமைப்புகள் வாக்காளர் பதிவு முகாமும் நடத்தும். டெக்சாஸில் பதிவுப் படிவம் வாங்கும் தன்னார்வலராக இருக்கக் குடிமகனாக இருக்கவேண்டும், உன்னால் முடியாது. அதைவிட முக்கியம், விளையாட்டுக்குக்கூட அந்தப் படிவத்தில் உன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதே, குடியுரிமை இல்லாதவர் பதிவுசெய்வது விசாவையே அழித்துவிடும். சந்தேகம் வந்தால் உன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேள்.

அப்புறம், சேராமலும் உதவலாமே? சந்தாப் பணம் ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டவேண்டும், வீடு இல்லாததால் பெரிய ஃபிராட்களைவிடக் குறைவு என்றாலும் சும்மா இல்லை. எங்கள் வளாகத்தில் அவர்கள் நடத்திய எலும்பு மஜ்ஜைப் பதிவு முகாமுக்கு நான் வெறும் தன்னார்வலராகப் போனேன். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுப்பார்கள், அவ்வளவுதான். லத்தீனோ நோயாளிக்குப் பதிவேட்டில் முழுப் பொருத்தமான கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையர்களுக்கு இருப்பதைவிட மிகக் குறைவு, ஆசிய நோயாளிகளுக்கும் ஏறத்தாழ அதே நிலைதான். பொருத்தம் பெரும்பாலும் தன் இனத்தாரிடம்தான் கிடைக்கும் என்பதால் நம் பிள்ளைகளையும் அன்றைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இப்படிப்பட்ட இடங்களில் யார் எந்த ஃபிராட்டின் கிரேக்க எழுத்து போட்ட சட்டை அணிந்திருக்கிறார்கள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

இரண்டாம்_ஆண்டு_டெக்சாஸ்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அக்கா, வாக்காளர் பதிவு விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது, அவனும் சொல்லவில்லை. அறிக்கையில் தேடினேன், கிளையின் பெயர் இல்லை. இந்தப் பருவம் சேராமல் பள்ளிக்கு மட்டும் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அண்ணா, அப்படிப் போனால் தவறாக நினைப்பார்களா?

பழைய_உறுப்பினன்:

மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். சிறிய கிளைக்கு ஆள்பலம்தான் எப்போதும் பஞ்சம். சேருவதற்கு எப்படியும் குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி கேட்பார்கள், அதனால் முதலில் படிப்பைக் கவனி. எல்லாப் பருவத்திலும் புதியவர்களை எடுக்கமாட்டார்கள், அடுத்து எப்போது என்று ரூம்மேட்டிடம் இப்போதே கேட்டு வை. பள்ளிக்குப் போகுமுன் பின்னணிச் சரிபார்ப்புப் படிவம் ஒன்று தருவார்கள், அது முடிய நாளாகும், இந்த வாரமே கொடுத்துவிடு.