கிரேட்டிங் எடைக் கணக்கு: டிராயிங்கில் இருந்த அந்த 30

ஓசூர் பட்டறை:

சிப்காட் பக்கத்தில் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். போன மாதம் ஒரு கிரேட்டிங் (இரும்புப் பட்டைகளை வரிசையாக நிறுத்திக் குறுக்கே கம்பி வைத்து இணைத்த, நடுவே சந்து தெரிகிற தளம்) வேலையில் வாங்கிய அடியை எழுதுகிறேன். எடைக் கணக்கில் உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், புதிதாக எஸ்டிமேட் போட ஆரம்பித்திருக்கிற தம்பிகளுக்கு உதவும்.

ஒரு ஆலைக்குள் மெஷின்களைச் சுற்றி ஆள் நடக்கிற பிளாட்ஃபார்ம், மொத்தம் 140 சதுர மீட்டர். டிராயிங்கில் 32×5, 30×100 என்று போட்டிருந்தார்கள், எல்லாம் மில்லிமீட்டரில். 32 என்பது நிமிர்ந்து நிற்கிற பட்டையின் உயரம், 5 அதன் தடிமன், 100 குறுக்குக் கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம். இதிலெல்லாம் எனக்குக் குழப்பம் இல்லை. அந்த 30-ஐத்தான் இரண்டு பட்டைக்கு நடுவே தெரிகிற சந்து என்று எடுத்துக்கொண்டேன். அது சென்டர் டு சென்டர், அதாவது ஒரு பட்டையின் நடுவிலிருந்து அடுத்த பட்டையின் நடு வரை உள்ள தூரம். சந்து 30 என்றால் பட்டையின் 5 மில்லியும் சேர்ந்து 35 மில்லிக்கு ஒரு பட்டை வரும், மீட்டர் அகலத்துக்குச் சராசரியாக 28.6 பட்டை. சென்டர் டு சென்டர் 30 என்றால் 33.3.

பட்டை எடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அகலத்தையும் தடிமனையும் மில்லியில் பெருக்கி, அதை 0.00785-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். இரும்பு ஒரு கனமீட்டர் 7850 கிலோ, அதிலிருந்து வருகிற எண் அது. 32×5-க்கு 1.256 கிலோ. அதன்படி நான் சதுர மீட்டருக்குப் பட்டை மட்டும் 35.9 கிலோ என்று போட்டேன், வேண்டியதோ 41.9. ஆறு கிலோதானே என்று தோன்றும், 140 சதுர மீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 840 கிலோ வருகிறது. ரேட்டை மொத்தமாகப் பேசி முடித்து அட்வான்சும் வாங்கியாகிவிட்டது, அதனால் அந்த 840 கிலோவும், அதை வெட்டுகிற கூலியும், வெல்டிங் ராடும் என் கையிலிருந்துதான் போனது.

தெரியவந்தது எப்படி என்றால், முதல் பேனலை முடித்து வைத்திருந்தபோது அவர்களுடைய இன்ஜினியர் வந்து டேப்பைக் குறுக்கே வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டைகளை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் எனக்கே விளங்கிவிட்டது. அன்றிலிருந்து சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்று யார் சொன்னாலும் நான் எடுத்துக்கொள்வதில்லை, எத்தனை பட்டை என்றுதான் முதலில் கேட்கிறேன்.

பர்கூர் கிரானைட்:

அண்ணா, உங்களுக்கு எண்ணிக்கையில் போனது, எனக்குத் தடிமனில் போனது. எங்கள் யூனிட்டில் கட்டிங் மெஷினிலிருந்து கல் சேறும் தண்ணீரும் ஓடுகிற வாய்க்கால் இருக்கிறது, அதன் மேல் மூடுகிற கிரேட்டிங்கை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவோம். எப்போதும் ஈரம், துரு சீக்கிரம் பிடிக்கும், சில சமயம் கல் துண்டும் விழும். அதனால்தான் 25×5 என்று எழுதிக் கொடுத்து ஆர்டர் போட்டோம்.

லோடு வந்தது, வே பிரிட்ஜ் சீட்டில் எடை குறைவாக இருந்தது. கொண்டுவந்தவர் வண்டி காலியாக நிறுத்தும்போது டீசல் டேங்க் நிறைய இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது, அதனால்தான் வித்தியாசம் என்றார். நானும் முதலில் சரி என்று விட்டுவிட்டேன், பெரிய வண்டி ஏறுகிற வே பிரிட்ஜில் பத்து இருபது கிலோ அப்படி இப்படிக் காட்டுவது நமக்குத் தெரிந்ததுதானே. ஆனால் மனசு கேட்கவில்லை. வெர்னியர் எடுத்து பட்டையை ஏழெட்டு இடத்தில் அளந்து பார்த்தால் எல்லா இடத்திலும் 4.5-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. 5-க்கு 4.5 என்றால் பத்தில் ஒரு பங்கு இரும்பு இல்லை. டன்னுக்கு நூறு கிலோ. ரோலிங்கில் கொஞ்சம் கூடக் குறைய வருவது இயல்பு, அதை நான் குறை சொல்லவே மாட்டேன், ஆனால் எல்லாப் பட்டையும் ஒரே பக்கமாகக் குறைந்திருந்தால் அது ரோலிங் தவறு இல்லை.

இப்போதெல்லாம் ஒரு மீட்டர் பட்டைத் துண்டை வாங்கிப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துவிடுகிறேன். 25×5 ஒரு மீட்டர் 981 கிராம் இருக்க வேண்டும். 880 கிராம் காட்டினால் லோடை இறக்கவே விடுவதில்லை.

தர்மபுரி ரிக்கிங்:

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். எனக்கு நடந்ததில் ஆள் போயிருக்க வேண்டியது, இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

தொப்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு சைட். உயரத்தில் உள்ள நடைபாதைக்கு கால்வனைஸ் செய்த, அதாவது ஜிங்க் பூசிய கிரேட்டிங் பேனல்கள், ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஓசூர் அண்ணன் சொன்ன அதே 32×5, 30 பிட்ச் (அந்த சென்டர் டு சென்டர் தூரம்தான்). கிரேன் அன்றைக்கு வரவில்லை. மேஸ்திரி, ஒரு பேனல் நூறு கிலோ இருக்கும், எட்டு பேனலைக் கட்டினால் 800, ஒரு டன் செயின் பிளாக் (சங்கிலியைக் கையால் இழுத்துச் சுமை தூக்குகிற கருவி) தாங்கும் என்றார். அவர் அனுபவசாலி, நாங்கள் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. இழுக்க ஆரம்பித்ததும் செயின் வழக்கத்தைவிட இறுக்கமாக வந்தது. தரையிலிருந்து இரண்டடி தூக்கியிருப்போம், மேலே மாட்டியிருந்த ஹூக்கின் வாய் விரிந்த மாதிரி எனக்குத் தெரிந்தது, நான் கத்தினேன், எல்லோரும் விலகினார்கள், மெதுவாக இறக்கிவிட்டோம். ஹூக் நிஜமாகவே விரிந்திருந்தது.

மதியம் உட்கார்ந்து சைட் இன்ஜினியர் கணக்குப் போட்டுக் காட்டினார். 34 பட்டை, ஒவ்வொன்றும் 3 மீட்டர், 128 கிலோ. குறுக்கே 6 மில்லி ஸ்கொயர் ராடு 31, மீட்டருக்கு 0.283 வீதம் கிட்டத்தட்ட 9 கிலோ. இரண்டு முனையிலும் அடைக்கிற பட்டை இரண்டரை கிலோ. ஜிங்க் ஒரு ஐந்தரை கிலோ. ஆக 145. எட்டு பேனல் 1160 கிலோ, போதாததற்குக் கட்டிய சங்கிலி வேறு. கிரேட்டிங் நடுவில் காற்றாக இருப்பதால் கண்ணுக்கு இலேசாகத் தெரியும், அதுதான் ஏமாற்றுகிறது. பேனல் மேலேயே பெயிண்டில் எடையை எழுதாமல் இப்போது நான் தூக்குவதில்லை.

மாங்கூழ் மெயின்டனன்ஸ்:

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பார்க்கிறேன். சீசன் தொடங்கிவிட்டால் இரவு பகல் கிடையாது, தரை எப்போதும் கழுவிக்கொண்டே இருப்போம், அதனால் வாய்க்கால் மூடி எல்லாம் எஸ்.எஸ். 304, துருப்பிடிக்காத ஸ்டீல். அதற்குக் கனமீட்டருக்கு 7850 கிலோ போடக்கூடாது, 7930 போட வேண்டும், நூற்றுக்கு ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் எஸ்.எஸ். விலையில் அந்த ஒன்றும் கண்ணுக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறு. 300 மில்லி அகல வாய்க்காலுக்கு மூடி செய்யச் சொன்னோம். எடை சரியாக இருந்தது, தடிமன் சரி, பிட்ச் சரி, பில் பாஸ் ஆகிவிட்டது. முதல் வாரமே பழக்கூடை அடுக்கிய டிராலி ஏறியதும் மூடி தொட்டில் மாதிரி வளைந்துவிட்டது. பார்த்தால், பட்டைகளை வாய்க்காலின் நீளவாக்கில் போட்டு, சின்னக் கம்பிகளை வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். சுமை தாங்கவேண்டிய பட்டை இரண்டு கரையிலும் உட்காராமல் நடுவில் தொங்குகிறது, கரையைத் தொடுவது அந்தச் சின்னக் கம்பி மட்டும். ஒரு மீட்டர் நீள வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டால் 30 சென்டிமீட்டர் பட்டை 34, அதாவது 10.2 மீட்டர். நீளவாக்கில் போட்டால் ஒரு மீட்டர் பட்டை 10 அல்லது 11. எடையில் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் எடை சரியாக இருக்கிறது என்பதற்காக யாரும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், பட்டை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கிருஷ்ணகிரி எஸ்டிமேட்டர்:

எல்லாம் படித்தேன். இருபது வருடமாக இதே வேலை, அதனால் ஓசூர் தம்பிக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன்.

பேனல் சின்னதாகச் சின்னதாக சதுர மீட்டர் எடை ஏறும். 500 மில்லி அகலப் பேனலில் சதுர மீட்டர் கணக்குப்படி 16.7 பட்டைதான் வரவேண்டும். ஆனால் 17 பட்டை வைத்தால் 485 மில்லியில் நின்றுவிடும், மிச்சம் 15 மில்லியை மூட ஓரத்தில் ஒன்று சேர்ப்பீர்கள், 18 ஆகிவிட்டது. இதிலேயே 8 சதவீதம். முனை அடைக்கிற பட்டையும் அப்படித்தான், 3 மீட்டர் பேனலில் சதுர மீட்டருக்கு 0.8 கிலோ, அதையே ஒரு மீட்டர் நீளப் பேனலாகச் செய்தால் 2.5 கிலோ. மெஷினைச் சுற்றிய பிளாட்ஃபார்ம் என்றால் சின்னத் துண்டுகள்தான் அதிகம் இருக்கும், உங்கள் 840-க்கு மேலேயும் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

பைப் போகிற ஓட்டை இன்னொன்று. ஓட்டைக்குக் கழித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். 300 மில்லி வட்டத்தை வெட்டினால் போகிற இரும்பு 3.2 கிலோ. அதைச் சுற்றி 100×6 டோ பிளேட் (ஓரத்தில் விளிம்பு மாதிரி நிற்கிற தகடு) போடச் சொல்லியிருந்தால் ஏறுவது 4.4 கிலோ. ஓட்டை போட்ட பேனல் போடாததைவிடக் கனம்!

ஜிங்க்கைப் பொறுத்தவரை 5 மில்லி தடிமனும் அதற்கு மேலும் இருந்தால் நம் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4759 கேட்பது பரப்பு சதுர மீட்டருக்கு 610 கிராம். இங்கே பரப்பு என்பது கிரேட்டிங்கின் நீள அகலம் இல்லை, ஒவ்வொரு பட்டையின் நாலு பக்கமும் சேர்ந்தது. 32×5, 30 பிட்ச்சில் ஒரு சதுர மீட்டர் கிரேட்டிங்குக்கு 2.7 சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது, அப்படியானால் ஜிங்க் குறைந்தது 1.65 கிலோ, நடப்பில் இன்னும் கொஞ்சம் கூடவே ஒட்டும். பில் பிளாக் வெயிட்டிலா (ஜிங்க் பூசும் முன் எடை) ஒயிட் வெயிட்டிலா (பூசிய பின் எடை) என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். பிறகு பேசினால் சண்டைதான் வரும், நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஓசூர் பட்டறை:

அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ராத்திரியே உட்கார்ந்து பேனல் பேனலாக எண்ணினேன். 61 பேனல், அதில் 38 ஒரு மீட்டருக்குக் குறைவு. ஓரப் பட்டையையும் முனைப் பட்டையையும் நான் தனியாகப் போடவே இல்லை. மொத்தம் என்ன வந்தது என்று இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

பர்கூரில் இன்னொரு வேலைக்கு ரேட் கேட்டிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை ரேட் கொடுக்க வேண்டும். டிராயிங்கில் 40×100 என்று இருக்கிறது. சென்டர் டு சென்டரா, ஒயிட் வெயிட்டா, டோ பிளேட் யார் கணக்கில் என்று மூன்று கேள்வியும் எழுதி இன்று காலை அனுப்பிவிட்டேன். பதில் வந்த பிறகுதான் கால்குலேட்டரை எடுப்பேன்.