கொமெட் (மீ 163) நேரில் பார்த்தவங்க அனுபவம்

ஒஹையோவாசி:
ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி பறக்கவிட்ட ராக்கெட் போர் விமானம் இந்தக் கொமெட். அமெரிக்காவுல டேட்டன் விமானப்படை மியூசியத்துல பார்த்துட்டு வந்ததுலேர்ந்து, அதுக்குள்ள கிடைச்ச ஒரு கல் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. அதை வடிவமைச்ச லிப்பிஷ், அதோட வால்டர் ராக்கெட் எஞ்சின் கதையெல்லாம் உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த விமானத்தைக் கனடாவுல புதுப்பிச்சப்போ, எரிபொருள் தொட்டிக்கும் அதைப் பிடிச்சிருந்த பட்டைக்கும் நடுவுல சின்னக் கல் சொருகியிருந்துச்சாம். பறக்குற அதிர்வுல உரசி உரசித் தொட்டி ஒழுகணும்னு, கட்டாய வேலைக்கு இழுத்துட்டு வந்த பிரெஞ்சுத் தொழிலாளிங்க வெச்சது. உள்பக்கம் பிரெஞ்சுல எழுதியும் வெச்சிருக்காங்க. பிடிபட்டா உயிர் மிஞ்சாது. நான் அதோட வயித்துப் பக்கத்தையே பார்த்துட்டு நின்னேன். அத்தனை கண்காணிப்புல எப்படிங்க அந்தக் கை உள்ள போயிருக்கும்?

பர்மிங்ஹாம் கோவைக்காரன்:
அவங்க தைரியத்துக்குத் தலை வணங்குறேன். ஆனா கொமெட் தோத்தது நாசவேலையாலன்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். 12,000 மீட்டருக்கு மூணரை நிமிஷத்துல ஏறிடும், ஏழெட்டு நிமிஷத்துல எரிபொருள் காலி. அப்புறம் வெறும் கிளைடர். அமெரிக்காவோட மஸ்டாங் போர் விமானம் காத்திருந்து அடிக்கும். பாயுற வேகத்துல குண்டுவீச்சு விமானம் குறியில நிக்கிறதே ரெண்டு மூணு வினாடி. 300க்கு மேல கட்டியும் வீழ்த்தினது இருபதைத் தொடலை.

நான் பார்த்தது இங்கிலாந்துல காஸ்ஃபோர்டு விமானப்படை மியூசியத்துல. விமானி உட்கார்ற இடத்துல ரெண்டு பக்கமும் டி-ஸ்டாஃப் தொட்டி! 80% ஹைட்ரஜன் பெராக்சைடுங்க. துணியில பட்டாலே பத்திக்கும். அதைத் தொடைக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ஏறும்போதே சக்கரத்தைக் கழட்டி விட்டுட்டு, சறுக்குக்கட்டையில தரையில இறங்கணும். அந்த இருக்கைக்கு ஆள் அனுப்பினவங்க மேலதான் எனக்குக் கோபம்.

லண்டன் மீனா:
நான் பார்த்தது லண்டன் சயின்ஸ் மியூசியம், மூணாவது மாடி. எஞ்சினைத் தனியா வெச்சிருக்காங்க, இவ்வளவு சின்னதான்னு அசந்துட்டேன்.

பிள்ளைங்களோட போறவங்க முதல்ல எஞ்சினைக் காட்டுங்க. டி-ஸ்டாஃபும், எரிபொருளான சி-ஸ்டாஃபும் கலந்த நொடியே தானாப் பத்திக்கும், தீப்பொறியே வேண்டாம்னு சொல்லிக் குடுங்க. 1941 அக்டோபர் 2ல சோதனை விமானி ஹைனி டிட்மார் இதுல மணிக்கு 1,004 கி.மீ. வேகம் தொட்டதை அப்புறம் சொன்னா, கண்ணை அகல விரிச்சுக் கேப்பாங்க. இதுக்குக் கிடைமட்ட வாலே கிடையாது; அது எங்கேன்னு அவங்களையே தேட விடுங்க. நீங்களா சொல்லிடாதீங்க. பள்ளி விடுமுறையில கூட்டம் நெரியும், வேற நாள் பார்த்துக்கோங்க. நுழைவு இலவசம்தான். சாப்பாடு மட்டும் கையோட கொண்டு போயிடுங்க, உள்ள விலை அதிகம்.