தூண்டில் போட அழைத்துப் போகிற நாட்டுப்படகுக்காரர் பாம்பன் பக்கம் யாராவது இருக்கிறாரா?

கணவாய்த் துண்டைக் கோத்து இறக்கிய தூண்டில் நரம்பு விரலில் சுற்றியிருக்க, அடியிலிருந்து விளமீன் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுக்குமே, அந்த சந்தோஷத்தை இந்த விடுமுறையில் அக்கா பிள்ளைகளுக்கும் காட்டிவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுக்குத்தான், அதனால் நாட்டுப்படகு கிடைக்கும். பாம்பன், மண்டபம் ஆட்கள் சொல்லுங்கள், மே மாதம் சிறுவர்களோடு போக வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) நல்லதா, தென்கடலா (மன்னார் வளைகுடாப் பக்கம்)? கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஏறிவிட்டால் தென்கடல் பொல்லாதது, அதுதான் பயம். அப்புறம், மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றுமே தேசியப் பூங்காவுக்குள் வருவதால் எல்லை தெரிந்த அண்ணன்தான் வேண்டும். உயிர்காப்புச் சட்டை சிறுவர் அளவில் வைத்திருப்பவர் என்றால் ரொம்ப நல்லது, வாடகை எவ்வளவு வரும் என்பதையும் சொல்லுங்கள்.